சாம்பல் ஜியோலைட் ஆகிவிட்டது

அன்புள்ள செல்வம்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராணி சொன்னாள், நிம்மதி. எட்டு மாதமாக எழுதாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒரு சாக்கு கொண்டுவந்தேனே, "பல் தேய்க்கவா?" என்று கேட்டாயே, அது ஜியோலைட் ஆகிவிட்டதடா! நீ இறால் குட்டையில் கொட்டுகிறாயே, அந்த நுண்துளைக் கனிமப் பொடி.

நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரித்தால் 30, 40 கிலோ சாம்பல். பெரும்பகுதி சிலிக்கா, அலுமினா. ஜியோலைட்டுக்கும் அவைதான் வேண்டும். ஆனால் அதில் ஒரு பங்கு குவார்ட்ஸ், முல்லைட் என்ற படிகங்களாக இறுகிக் கிடக்கிறது. காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்தாலும் லேசில் அசையாது. மூன்று தடவையும் சோடலைட் என்ற வேறு கனிமம்தான் வந்தது. துளை ரொம்பச் சின்னது, பிரயோஜனமில்லை. நாலாவது தடவை சாம்பலையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து அரைத்து, சூடு தாங்கும் நிக்கல் கிண்ணத்தில் 550 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். இறுகிய கட்டியை இடித்துத் தண்ணீரில் இரவெல்லாம் கலக்கவிட்டு, மறுநாள் 90 டிகிரியில் சூடாக்கினேன். எக்ஸ்-கதிர் செலுத்திப் படிகத்தை அடையாளம் காணும் எக்ஸ்ஆர்டி படத்தில் 7.2 டிகிரி கோணத்தில் கோடு பளிச்சென்று நின்றது. ஏ வகை ஜியோலைட்!

காரம் போகக் கழுவிக் காயவைத்த பொடியில் ஒரு கரண்டி எடுத்து, எங்கள் போர் தண்ணீரில் கலக்கி வடிகட்டினேன். அந்தத் தண்ணீரில் சோப்பு என்றைக்கடா நுரைத்தது? நுரைத்தது. நுரையைக் கெடுக்கும் கால்சியத்தைப் பொடி பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டிருக்கிறது. சந்திரா அக்கா மெஸ்ஸில் நாம் துணி துவைத்த கதை ஞாபகம் வந்துவிட்டது.

உடனே "இறால் குட்டைக்கு நாலு மூட்டை கொடு" என்று கேட்காதே. கொடுக்க மாட்டேன். சாம்பலில் ஆர்சனிக், செலினியம், குரோமியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்; பொடியிலிருந்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்காமல் உயிர் வாழும் தண்ணீரில் போடக் கூடாது. இன்னொன்று, அம்மோனியாவைப் பிடிக்கும் என்று நீ இப்போது காசு கொடுத்து ஜியோலைட் வாங்கிக் கொட்டுகிறாயே, அதையும் யோசி. உப்புத் தண்ணீரில் சோடியம் மொய்த்துக்கொண்டு அம்மோனியாவுக்கு இடமே விடாது. நல்ல தண்ணீரில் பிடிப்பதில் சிறு பங்குகூடப் பிடிக்காது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்குத் தூக்கம் கெடுவது வேறொன்றால். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியபின் மிஞ்சுகிற காரத் தண்ணீர். மின் நிலையத்தில் சாம்பல் கொட்டும் குட்டையைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, காரக் குட்டை வெட்டினால் என்ன நியாயம்? அதையே அடுத்த தடவைக்குத் திரும்ப ஊற்றிப் பார்க்கிறேன். ஐந்து கேன் நிறைந்திருக்கிறது. அது தீரும்வரை புதுச் சாம்பலைத் தொடுவதில்லை.

உன் குட்டைத் தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்து வை, உப்பு எவ்வளவு என்றும் குறித்து வை. பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
முரளி