புள்ளிச்சட்டைக்காரனும் நட்சத்திர மீனும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். குளிர் ஒருவழியாக விட்டுவிட்டது, பிள்ளைகள் வெளியே ஓடியாட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன கடிதத்தில், பேட்மேன் கதை வில்லனைப் பற்றிய 'ஜோக்கர்' போல ஒரு சீரியஸான படம் எடுத்த அமெரிக்காவில் இருந்துகொண்டு கோமாளி வில்லன் படங்களையா தேடிப் போய்ப் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஆமாம், தேடித்தான் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

வந்த புதிதில் அமெரிக்கர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதே பிடிபடவில்லை. அலுவலகத்தில் ஒருவர் ஏதோ சொல்வார், மேசையைச் சுற்றி எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சின்ன வயதில் பார்த்த தொலைக்காட்சித் தொடரில் வந்த வசனமாக இருக்கும் அது. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் திரையரங்கில், ஒரு வில்லன் கைகளை விரித்து உலகத்தையே அழிக்கப் போவதாக முழங்கும்போது அவன் போட்டிருக்கும் தொப்பியைப் பார்த்துச் சிரிப்பு வர எந்த முன்கதையும் வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளும் நானும் ஒரே நொடியில் சிரித்தோம். இங்கே இடைவேளை கிடையாது, நடுவில் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். படம் முடிந்த பிறகும் பாதிப் பேர் எழுந்திருப்பதில்லை, பெயர்கள் ஓடி முடிந்ததும் இன்னொரு துண்டுக் காட்சி வரும் என்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் இந்த ஊர்க்காரர்களோடு முதன்முதலாகக் கூச்சமில்லாமல் பேசினேன்.

இப்போது உன் 'ஜோக்கர்' விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் வந்தது, ஜோக்கராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது, எல்லாம் சரி. வீட்டுக்கு வந்த பழைய சகாவை ஜோக்கர் கொன்றபின், கூட வந்த குள்ள மனிதர் உயிருக்குப் பயந்து கதவுக்கு ஓடுவாரே, நினைவிருக்கிறதா? மேலே மாட்டியிருக்கும் சங்கிலி அவருக்கு எட்டாது. கொலைகாரனிடமே திரும்பி வந்து, கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பார். நான் பார்த்த அரங்கில் சிரிப்பு வெடித்து, அப்படியே தொண்டையில் அடைத்துக்கொண்டது. நீ 'சீரியஸ்' என்று கொண்டாடும் படத்தின் உச்சமே அபத்தமான அந்தக் காட்சிதான். 2008இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் ஹீத் லெட்ஜரின் ஜோக்கர் செவிலியர் உடையில் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வருவதும் அப்படியே. அந்த உடைதான் அவனை இன்னும் பயங்கரமானவனாக்குகிறது.

1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தைக் கட்டாயம் பார். ஜீன் ஹாக்மன் வில்லன் லெக்ஸ் லூதராக வருகிறார். அவன் திட்டம் என்ன தெரியுமா? நிலவணிகம்! பாலைவனத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போட்டு, சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலநடுக்கப் பிளவின் மேல் அணு ஏவுகணையைப் போட்டால் கலிபோர்னியாவின் கரையோரம் கடலுக்குள் போய்விடும், அவனுடைய பாலைவனம் கடற்கரை மனையாகிவிடும். புதிய வரைபடத்தில் ஊர்களுக்குத் தன் பெயரை வைத்திருப்பான். அவனுடைய அசட்டுக் கையாள் ஓட்டிஸ் ஒரு மூலையில் தன் பெயரிலும் குட்டியாக ஓர் ஊரை எழுதி வைத்திருப்பான். லூதர் அதட்டியதும் அழிக்கப் போவான். கோடிக்கணக்கானவர்கள் சாகப்போகும் திட்டத்தின் நடுவே இவர்கள் ஓர் ஊர்ப்பெயருக்குச் சண்டை போடுகிறார்கள். பேராசையின் அற்பத்தனத்தை இதைவிட நன்றாக எந்த நீள வசனம் காட்டிவிடும்?

1966இல் வந்த 'பேட்மேன்' இன்னும் ஒரு படி மேலே. ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ மீசையை எடுக்க மறுத்துவிட்டார். அதன் மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசி நடித்தார், உற்றுப் பார்த்தால் மீசை தெரியும். வில்லன்கள் உலக நாடுகளின் பிரதிநிதிகளை ஈரப்பதம் உறிஞ்சி வண்ணப் பொடிகளாக்கிக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். நடிகர்கள் ஒருவர் முகத்திலும் கேலியில்லை, மனதார நடித்திருக்கிறார்கள்.

இந்தப் பாத்திரங்களெல்லாம் காமிக்ஸ் புத்தகங்களிலிருந்து வந்தவை, இந்த விசித்திரங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1954இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் அரசுக்கும் பெற்றோருக்கும் பயந்து தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். அளவுமீறிய வன்முறையும் திகிலும் கூடாது. ரத்தம் காட்ட முடியாத கலைஞர்கள் கற்பனையை வேறு பக்கம் ஓடவிட்டார்கள். 1960இல் ஒற்றைக்கண் ராட்சத நட்சத்திர மீன் ஸ்டாரோ வந்தது. 1962இல் சட்டையிலுள்ள வண்ணப் புள்ளிகளை ஆயுதமாக்கும் புள்ளிச்சட்டைக்காரன் வந்தான், ஒரு புள்ளி பறக்கும் தட்டாகவே மாறிவிடும்.

இவற்றைத்தான் இயக்குநர் ஜேம்ஸ் கன் 2021இல் 'தி சூயிசைட் ஸ்குவாட்' படத்தில் கொண்டுவந்தார். புள்ளி உடையைக் கைவிடவில்லை, மீனைச் சின்னதாக்கவில்லை. மகனை மாவீரனாக்க வேண்டும் என்ற வெறியில் ஒரு தாய் செய்த சோதனையால் புள்ளிச்சட்டைக்காரன் உடம்பில் அந்தப் புள்ளிகள் ஊறுகின்றன, தினமும் வெளியேற்றாவிட்டால் செத்துப்போவான். பார்க்கும் ஆட்களெல்லாம் அவனுக்குத் தன் தாயாகவே தெரிகிறார்கள். கட்டடம் உயரத்துக்கு நிற்கும் நட்சத்திர மீனும் அம்மாவாகத்தான் தெரிகிறது, அதையும் படம் அப்படியே காட்டுகிறது! அரங்கமே குலுங்கியது. நானும் ஒரு மாவீரன் என்று அவன் ஆனந்தமாகக் கத்துகிறான், மறுநொடி நசுங்கிப் போகிறான். சிரித்த வாய் மூடவில்லை, கண்ணில் நீர். பிறகு அந்த மீன் சாகிறது, நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு மிதந்தபோது சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லிவிட்டு. மனிதர்கள் அதை விண்வெளியிலிருந்து பிடித்து வந்து பல்லாண்டுகள் வதைத்தவர்கள் என்பது அப்போது நெஞ்சில் இறங்குகிறது.

நம் கூத்திலும் இதுதானே, தம்பி? கிரீடமும் புஜகீர்த்தியுமாக வரும் துரியோதனனைக் கட்டியங்காரன் கிண்டலடித்துக் கிழிப்பான், ஊரே சிரிக்கும். அதே துரியோதனன் படுகளத்தில் விழும்போது அழுவதும் அதே ஊர்தான்.

வேடிக்கை இருந்தாலே போதும் என்று நான் சொல்லவில்லை. 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்தில் அர்னால்ட் பனிக்கட்டி வில்லன். நோயாளி மனைவியைக் காப்பாற்ற உறைநிலையில் வைத்திருப்பவன். எவ்வளவு நல்ல கரு! ஆனால் வாயைத் திறந்தாலே பனியை வைத்து ஒரு சிலேடை. சிரிப்பு ஒரு பக்கம், அவன் துயரம் ஒரு பக்கம், கடைசிவரை இரண்டும் சந்திக்கவே இல்லை. வேடிக்கையை நம்பியவர்கள் அந்த மனிதனையும் நம்பியிருக்க வேண்டும்.

நீ 1978 படத்தில் ஆரம்பி, பிறகு 2021 படம். அதை நீ தனியாகத்தான் பார்க்க வேண்டும், ரத்தம் அதிகம். இங்கே 17 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர் துணையில்லாமல் உள்ளே விடவில்லை. சின்னவனுக்கு 1966 படத்தைப் போட்டுக் காட்டு. பற்றவைத்த குண்டைத் தூக்கிக்கொண்டு பேட்மேன் படகுத்துறையில் ஓடுவார், எங்கே போட்டாலும் யாராவது இருப்பார்கள், கடைசியில் வாத்துக்குஞ்சுகள்கூட! அவன் எந்த இடத்தில் சிரித்தான் என்று எனக்கு மறக்காமல் எழுது. அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
அக்கா