இறகு முந்தியது, பறத்தல் பிந்தியது

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம்; நலமறிய ஆவல். உடல்நிலை தேறி மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை அறிந்து மனம் நிறைந்தது. முழுச் சிறகு உருவாகும்வரை பாதிச் சிறகை வைத்துக்கொண்டு ஒரு விலங்கு என்ன செய்திருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இறகு பறப்பதற்காகவே தோன்றியது என்று முதலிலேயே முடிவுகட்டிவிடுவதால்தான் அக்கேள்வி அத்தனை கடினமாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

ஜெர்மனியிலுள்ள பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறையில் 1861இல் புதைபடிவமாக வெளிப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் தொல்பறவை சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பற்களும், நகமுள்ள விரல்களும், நீண்ட எலும்பு வாலும் கொண்ட அதன் உடலில் இன்றைய பறவைகளுக்கு இருப்பது போன்ற இறகுகளே இருந்தன. ஆகவே இறகின் தொடக்கத்தை அதனிடம் தேடிப் பயனில்லை. பறவைகள் டைனோசர்களுக்கு நெருங்கிய உறவு என்று ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி அந்நூற்றாண்டிலேயே வாதிட்டார். ஆனால் பறவைகளுக்கு உள்ள காறை எலும்பு (தோளையும் மார்பையும் இணைப்பது) டைனோசர்களுக்கு இல்லை என்று நம்பி டென்மார்க்கின் ஹைல்மான் 1926இல் அதை மறுத்தார். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆஸ்ட்ரம் 1970களில் மீண்டும் வலியுறுத்தும்வரை அக்கருத்து ஏறக்குறைய ஒதுக்கப்பட்டே கிடந்தது. இரு கால்களில் நடந்த தெரோபாட் வகை டைனோசர்கள் பலவற்றில் கவை வடிவக் காறை எலும்பு இருந்தது பின்னர் உறுதியாயிற்று.

உங்கள் கேள்விக்கு நேரான விடை சீனாவின் லியாவோனிங் பகுதியிலிருந்து வந்தது. 1996இல் அறிவிக்கப்பட்ட சைனோசாராப்டெரிக்ஸ் என்னும் டைனோசருக்குச் சிறகே கிடையாது. கைகளோ மிகக் குட்டை. ஆயினும் உடலெங்கும் இறகின் தொடக்க வடிவமான மெல்லிய இழைகள் படிந்திருந்தன. அவ்விழைகளில் எஞ்சியிருந்த நிறமித் துகள்களை ஆராய்ந்தவர்கள், அதன் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறி வரும் பட்டைகள் இருந்தன என்று 2010இல் தெரிவித்தனர். ஏறத்தாழ 9 மீட்டர் நீளமும் ஒரு டன்னுக்கு மேல் எடையும் உடைய யூடிரானஸ் என்னும் டைனோசரும் இழைகளைப் போர்த்தியிருந்தது. அது பறந்திருக்கும் என்று எவரும் சொல்லத் துணியார். உடல்சூட்டைக் காப்பதும், இணையையோ எதிரியையோ நோக்கி நிறம் காட்டுவதும் இறகின் முதல் வேலைகளாக இருந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பாதிச் சிறகுக்கும் பயன் உண்டு. பறக்க முடியாத சுக்கர் கௌதாரிக் குஞ்சுகள் தம் சிறு சிறகுகளை அடித்துக்கொண்டு, கால் வழுக்காமல் செங்குத்தான சரிவுகளில் ஓடி ஏறுவதை உயிரியலாளர் கென்னத் டயல் 2003இல் விளக்கினார். தொல்விலங்குகளும் அவ்வாறே செய்தன என்பதற்கு இது சான்றாகாது. பயனில்லாத இடைநிலை என்று ஒன்று இருந்தே தீரவேண்டும் என்ற வாதம் மட்டும் இதனால் வலுவிழக்கிறது. கால்களிலும் நீண்ட இறகுகள் கொண்டு நான்கு சிறகுகளோடு விளங்கிய மைக்ரோராப்டர் என்னும் சிறிய டைனோசரைப் பார்க்கும்போது, பறத்தல் மரத்திலிருந்து இறங்கி வந்ததா, தரையிலிருந்து எழுந்ததா என்ற பழைய வழக்கில் ஒரு பக்கம் சேர எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எப்பக்கம் சாய்கிறீர்கள் என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்