திருவிழா இரவில் ஒரு பேசாப்படம்: மலையக இளைஞர் மன்றங்களுக்கும் திருவிழாக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

நம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் திருவிழா முடிகிற இரவில் கோயில் முன்றலில் திரை கட்டிப் படம் போடுகிறீர்கள். புரொஜெக்டருக்கு, ஸ்பீக்கருக்கு, ஜெனரேட்டருக்கு என்று லயம் லயமாக (வரிசை வீடுகள் தோறும்) போய்க் காசு சேர்த்து, குளிரில் விடிய விடிய நின்று அந்த வேலையைச் செய்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. நான் ஹட்டனில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறவன். பிறந்து வளர்ந்தது டிக்கோயாப் பக்கத்தில் ஒரு லயத்தில். இந்த மடலை எழுத வைத்தவர் எங்கள் அம்மாயி.

போன திருவிழாவுக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய் முன்னால் பாய் விரித்து உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் எழும்பிவிட்டார். "என்னமோ கடகடனு பேசுறாங்க, காதுல நிக்க மாட்டேங்குது" என்றார். சுற்றிப் பார்த்தால் அவர் வயதுக்காரர்கள் பாதிப்பேரைக் காணோம். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) இரைச்சலில் நின்று நின்றே காது மந்தமாகிப்போன தாத்தாமார், பாடசாலைப் பக்கமே போகாமல் கூடையைத் தலையில் மாட்டிய பாட்டிமார். பிறமொழிப் படம் போட்டால் கீழே ஓடுகிற எழுத்தை இவர்களால் வாசிக்க முடியாது. தமிழ்ப் படம் போட்டால் பேச்சு பிடிபடுவதில்லை. திருவிழாவுக்கு முதல் ஆளாகக் காசு கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு திருவிழாவிலும் முதல் படமாக, முடிந்தால் போயா (பௌர்ணமி) இரவுகளிலும், ஒரு பேசாப்படம் போடுங்கள். விழுந்து எழும்பும் சிரிப்புப் படம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குடும்பம், வேலை, மானம், பிரிவு என்று நெஞ்சைப் பிடிக்கிற கதைகள் அந்தக் காலத்தில் நிறைய வந்திருக்கின்றன. நான் சொல்வது அவற்றைத்தான்.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு மழை நாள் இரவு, 1924இல் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த ஒரு படத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் பெயருக்கு 'கடைசி மனிதன்' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'தி லாஸ்ட் லாஃப்' என்று தேடினால் கிடைக்கும். பெர்லினில் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் நிற்கிற வயதான மனிதர் ஒருவர். எமில் யானிங்ஸ் நடித்திருக்கிறார். பளபளக்கும் பொத்தான் வைத்த நீளக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தால், அந்த ஏழைக் குடியிருப்பே எழும்பி நின்று மரியாதை கொடுக்கும். ஒரு நாள் கனமான பெட்டி ஒன்றைத் தூக்கி இறக்கிவிட்டுச் சற்று உட்காருகிறார். மேலாளர் அதைப் பார்த்துவிடுகிறார். மறுநாள் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கீழே கழிப்பறையில் துவாய் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அம்மாயி அடுப்படியில் இருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கதை என்னவென்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரிய கங்காணி கோட்டு மாதிரியே இருக்குல்ல" என்றார். கோட்டைக் கழற்றும்போது யானிங்ஸின் உடம்பு அப்படியே சுருங்கும், தோள் இறங்கும், முகம் பத்து வயது கூடியதாக மாறும். அம்மாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுப் போவதற்காக அந்த மனிதர் இரவில் ஹோட்டலுக்குள் புகுந்து கோட்டைத் திருடுகிறார். "வேணாம்யா, மாட்டிக்குவ" என்று அம்மாயி திரையைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் அந்தக் கழிப்பறையில் ஒடுங்கிக் கிடக்கிறவருக்கு இராக்காவலாளி ஒருவர் தன்னுடைய கோட்டை எடுத்துப் போர்த்திவிடுகிற இடத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு நல்ல முடிவு ஒன்றை ஒட்ட வைத்திருக்கிறார்கள். அந்த மனிதருக்குத் திடீரென்று பெரிய சொத்து வருகிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அம்மாயிக்குப் பிடித்தது. படம் முழுக்கக் கதையைச் சொல்ல வைத்த எழுத்து அட்டை ஒன்றே ஒன்றுதான், அதுவும் இந்த முடிவுக்கு முன்னால். மற்றதெல்லாம் முகமும் உடம்பும் கேமராவும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு நடந்து எடுத்த காட்சியெல்லாம் இதில் இருக்கிறது. இன்றைக்குக் கல்யாண வீட்டில் நாங்கள் கருவியில் மாட்டிச் செய்வதை அந்த மனிதர் தன் உடம்பாலேயே செய்திருக்கிறார்.

சரி, எல்லாப் படமும் இப்படி எழுத்தில்லாமல் இருக்காது. பெரும்பாலான பேசாப்படங்களில் நடுநடுவே வாசக அட்டை வரும். அதற்கு நம்மிடம் ஆள் இருக்கிறார். அந்தக் காலத்தில் ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை நடித்துச் சொல்வார். அவரை 'பென்ஷி' என்பார்கள். அவருக்காகவே கூட்டம் வந்ததால், அந்த நாட்டில் 1930களின் நடுப்பகுதி வரைக்கும் பேசாப்படங்கள் ஓடின. இந்தியாவிலும் அட்டையை வாசித்து விளக்கம் சொல்ல ஆள் வைத்திருந்தார்கள். நம் தோட்டங்களில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆட வைக்கிற மாஸ்டர்மார் இன்னும் இருக்கிறார்கள். ரதி அழும்போது குரலை எங்கே இறக்க வேண்டும், தப்பு மேளம் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்களில் ஒருவரைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வாசகத்தை நாம் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். கூத்துப் பார்த்து வளர்ந்த சனம் கண்ணையும் கையையும் பார்த்துக் கதை பிடிக்கும். கேமராக்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பழக்கம் எங்கள் தலைமுறைக்குக் குறைந்துவிட்டது.

என்னென்ன போடலாம் என்று கேட்பீர்கள். எனக்கு மனசுக்கு நெருக்கமானவற்றைச் சொல்கிறேன்.

யசுஜிரோ ஓசு 1932இல் எடுத்த 'ஐ வாஸ் பார்ன், பட்' என்ற ஜப்பானியப் படத்தைக் கட்டாயம் போட வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பையன்கள். அவர்களுக்குத் தங்கள் அப்பாதான் உலகத்திலேயே பெரிய ஆள். ஒரு நாள் அப்பாவின் முதலாளி வீட்டில் சின்னத் திரை கட்டிப் படம் ஓட்டுகிறார்கள். அதில் அப்பா முதலாளியைச் சிரிக்க வைக்க முகத்தைக் கோணிக் கோணிக் காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், பையன்கள் இரண்டு பேரைத் தவிர. வீட்டுக்கு வந்து, ஏன் அவருக்குத் தலை வணங்குகிறீர்கள் என்று அப்பாவிடம் சண்டை. சாப்பிட மாட்டோம் என்று பட்டினி கிடக்கிறார்கள். நான் எட்டு வயதில் அப்பாவோடு ஒரு தோட்ட ஆபீசுக்குப் போயிருக்கிறேன். அரைப் பேர் (பாதி நாள் கணக்கு) போட்டுவிட்டார்கள் என்று கேட்கப் போனார். மழைக்குப் போர்த்தும் கொங்காணியைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவே இல்லை. திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, கடையில் எனக்கு ஒரு பணிஸ் மட்டும் வாங்கிக் கொடுத்தார். அதை இருபத்தைந்து வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் படத்தைப் பார்த்த இரவில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் அது நினைவிருந்தது. பிள்ளைகளையும் அப்பாமாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் போட வேண்டிய படம் அது.

புடோவ்கின் 1926இல் எடுத்த 'தாய்' படத்தைத் தொழிற்சங்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். கார்க்கியின் நாவலைத் தமிழில் வாசித்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. ஆனால் தாயாக நடித்த வேரா பரனோவ்ஸ்கயாவின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மகனைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பி, அவன் மறைத்து வைத்த ஆயுதத்தைப் பொலிசுக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறாள் அந்தத் தாய். அவளை அதற்காகப் படம் வெறுக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

கார்ல் டிரேயரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்', 1928. படித்த பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து ஒரு கிராமத்துப் பெண்ணைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவளாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகம் மட்டும் திரை நிறைய. எழுதப் படிக்கத் தெரியாத அவளிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிற காட்சி வரும்போது, நம்முடைய வீட்டுப் பெரியவர்கள் 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகும் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும் எத்தனை காகிதங்களில் கைநாட்டு வைத்தார்கள் என்ற நினைவு எனக்கு வந்தது. இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது. முதல் வடிவம் இனிக் கிடைக்காது என்று பல காலம் நினைத்திருந்தார்கள். 1981இல் நோர்வேயில் ஒஸ்லோப் பக்கத்து மனநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்து அதன் பிரதி கிடைத்தது.

விக்டர் ஸ்யோஸ்ட்ரோம் எடுத்த 'தி விண்ட்' படமும் 1928தான். காற்று ஓயாத ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு பெண், லிலியன் கிஷ். விமானத்தின் விசிறியை ஓடவிட்டுப் பாலைவன மணலை அவள் மேல் வீச வைத்து எடுத்தார்கள். ஆடிக் காற்றில் தகரம் பறக்காமல் இருக்கக் கூரைமேல் கல் ஏற்றி வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிற நமக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சாப்ளினின் 'தி கிட்', 1921. ஒரு மணி நேரம்தான், சிரிப்பும் அழுகையும் சரிபாதி.

நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. இந்தத் தீவில் 1901இலேயே படம் காட்டியிருக்கிறார்கள், பார்த்தவர்களில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் போர்க் கைதிகளும் உண்டு. அந்தக் கைதிகளின் பெரிய முகாம் நம்முடைய தியத்தலாவையில்தான் இருந்தது. 1925இல் 'ராஜகீய விக்ரமய' என்று இலங்கையிலேயே ஒரு பேசாப்படம் எடுத்தார்கள். பின்னாளில் நிதியமைச்சராக இருந்த என். எம். பெரேரா அதில் நடித்தார். இங்கே காட்டுவதற்கு முன்பே படச்சுருள் எரிந்துபோனது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' ஜே. சி. டேனியல் எடுத்தது. அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் தலித் பெண்ணான பி. கே. ரோசி. அந்த ஒரு காரணத்துக்காக அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர் நடித்த ஒரு காட்சிகூட இன்று மிச்சமில்லை. அமெரிக்காவின் முழுநீளப் பேசாப்படங்களிலேயே எழுபது வீதம் அழிந்துவிட்டதாக 2013இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இந்தியாவில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேசாப்படங்களில் மிஞ்சியது கொஞ்சம்தான். கையில் இருக்கிறவற்றைப் பார்க்காமல் விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

வேலை விஷயமாகச் சில வார்த்தைகள். இணையத்தில் கிடைக்கிற பிரதிகளில் பல, ஆட்கள் ஓடி ஓடிக் குதிப்பதுபோல வேகமாக ஓடும். அது படத்தின் குறை இல்லை. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது சட்டம் (ஃபிரேம்) என்று படத்துக்குப் படம் மாறும். அதை இருபத்து நான்கில் ஓட்டினால் சாவு வீடுகூட வேடிக்கையாகத் தெரியும். சீர்செய்த பிரதியாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், வேகத்தைச் சரிசெய்து தருகிறேன், காசு வேண்டாம். அமெரிக்காவில் 1928 வரை வெளியான படங்களுக்கு அங்கே காப்புரிமை முடிந்துவிட்டது. ஆனால் பின்னால் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கலாம். அதனால் இசையை அணைத்துவிட்டு நம்முடைய தப்பும் ஆர்மோனியமும் வைத்தால் இன்னும் நல்லது. மூடுபனி இறங்கிவிட்டால் வெளிச்சம் திரைக்குப் போகாமல் பனியிலேயே நின்றுவிடும். முன்றலைவிடப் பிள்ளை மடுவமோ (குழந்தைகள் காப்பகம்) மண்டபமோ வசதி. ஆறரைக்கே தொடங்குங்கள், மறுநாள் பிரட்டுக்கு (காலை வேலைப் பெயர் பதிவுக்கு) போகிறவர்கள் நேரத்தோடு படுக்க வேண்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இளந்தாரிகள் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு மன்றத்துத் தம்பி என்னிடம் சொன்னான். அவனையே உட்கார வைத்து அந்த ஜப்பானியப் படத்தைக் காட்டினேன். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, எங்கள் தோட்டத்தில் எப்போது போடலாம் என்று கேட்டான்.

'கடைசி மனிதன்', 'தாய்', ஓசுவின் படம் ஆகிய மூன்றின் வாசகங்களையும் நம் பேச்சுத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த அட்டை எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்றும் குறித்திருக்கிறேன். வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் டிவிஷனில் காமன் கூத்து முடிந்த கையோடு முதல் படம் போட மாஸ்டரிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதித்துவிட்டார். எந்தப் படம் முதலில் என்று அம்மாயியிடம் கேட்டேன். "அந்தக் கோட்டுக்காரரப் போடு. பணிய (கீழ்) லயத்து ஆளுகளையும் வரச் சொல்லு" என்றார். பாயை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
டிக்கோயாப் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்