கன்றுகளின் கதறலைக் கேட்ட மோலி பாட்டிக்கு

அன்புள்ள மோலி பாட்டிக்கு,

எனக்கும் உங்களுக்கும் ரத்த உறவு இல்லை. உங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. ஆனால் டெக்சஸின் வடமேற்குக் கோடியில் இருக்கும் பன்ஹேண்டில் பகுதிக்கே நீங்கள் தாய் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த உரிமையில்தான் பாட்டி என்று கூப்பிடுகிறேன்.

போன மே மாதம் அந்தப் பகுதியில் இருக்கும் கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவுக்குப் போயிருந்தேன். செம்மண் மேட்டை ஒட்டிய சாலையை மறித்துக்கொண்டு பைசன் என்கிற அமெரிக்கக் காட்டெருமைகளின் கூட்டம் ஒன்று நின்றது. கருத்த, பெருத்த தாய்களுக்கு நடுவே இளஞ்சிவப்பு மண் நிறத்தில் கன்றுகள். பிறந்து சில வாரம்தான் இருக்கும். அவற்றைப் பார்த்ததிலிருந்து உங்களுக்கு எழுதவேண்டும் என்று இருந்தேன்.

உங்கள் கணவர் சார்லஸ் குட்நைட்டைத் தெரியாத ஆள் அந்தப் பக்கம் கிடையாது. 1866-இல் பழைய ராணுவ வண்டி ஒன்றை மாடோட்டிகளுக்கான நடமாடும் சமையல்கட்டாக மாற்றியவர். 1876-இல் 1,600 மாடுகளை ஓட்டிக்கொண்டு பாலோ டூரோ பள்ளத்தாக்கில் இறங்கியவர். மறு ஆண்டு ஜான் அடேர் என்ற அயர்லாந்துக்காரர் பணம் போட, இருவரும் கூட்டாகத் தொடங்கிய ஜேஏ பண்ணை, உச்சத்தில் 13 லட்சம் ஏக்கரும் ஒரு லட்சம் மாடுகளுமாக விரிந்தது. இதெல்லாம் எல்லாரும் சொல்வது.

நான் நினைத்துக்கொண்டே இருப்பது உங்களுடைய மூன்று கோழிகளை.

1877-இல் நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பேசுவதற்கு இன்னொரு பெண் இல்லை. பக்கத்து வீடு என்பதே பல மைல் தள்ளித்தான். ஆண்கள் மாட்டோடு போய்விட்டால் திரும்ப நாளாகும். கிழிந்த சட்டையைத் தைப்பதும், காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுவதும் உங்கள் வேலை. ஒருநாள் பண்ணை ஆள் ஒருவர் சாக்கில் மூன்று கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தார், சமைத்துச் சாப்பிடட்டும் என்று. நீங்கள் அறுக்கவில்லை. கூப்பிட்டால் ஓடிவரும், போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும், அதன் பாஷையில் என்னோடு பேசப் பார்க்கும் என்று பிற்காலத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை. டென்னசியில் பெரிய வழக்கறிஞரின் மகளாகப் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், பெற்றோர் போனபின் தம்பிகளை வளர்த்தவர். அப்படிப்பட்டவருக்குப் பேச்சுத்துணை மூன்று கோழிகள்.

அந்த வருடங்களில்தான் தோலுக்காகப் பைசன்களைச் சுட்டுத் தள்ளினார்கள். உரித்துக்கொண்டு உடலை வெயிலில் போட்டுவிட்டுப் போவார்கள். கன்றின் தோலுக்கு விலை இல்லை, அதனால் அதை விட்டுவிடுவார்கள். தாய் செத்த இடத்தைச் சுற்றிச் சுற்றி அது இரவெல்லாம் கத்தும். அந்தச் சத்தம் அங்கிருந்த எல்லார் காதிலும்தான் விழுந்திருக்கும். 1878-இல் கணவரிடம் சொல்லிச் சில கன்றுகளைச் சுருக்குப் போட்டுப் பிடித்துவரச் செய்தவர் நீங்கள். வளர்த்து ஆளாக்கினீர்கள், மந்தையாகப் பெருகியது. 1902-இல் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கே உங்கள் மந்தையிலிருந்து மூன்று காளைகள் போயின.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் உண்மையாக இருக்காது. அந்தப் பாலோ டூரோ பள்ளத்தாக்கு உங்களுக்காகக் காலியாகக் காத்துக்கொண்டு இருக்கவில்லை. 1874 செப்டம்பரில் அமெரிக்க ராணுவக் கர்னல் மெக்கென்சியின் படை அங்கே முகாமிட்டிருந்த கொமாஞ்சி, கயோவா, செயென் பூர்வகுடி மக்களைத் தாக்கி விரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பிடித்துச் சுட்டுக் கொன்றது, அவர்கள் திரும்ப முடியாதபடி. நான்கே வருடம் கழித்துக் கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர் தம் ஆட்களோடு பைசன் வேட்டைக்கு வந்தபோது அங்கே மேய்ந்தவை உங்கள் மாடுகள். ஒன்றுவிட்டு ஒருநாள் இரண்டு மாடு தருவதாக உங்கள் கணவர் அவரோடு உடன்பாடு செய்துகொண்டார். பசியோடு வந்த அவர்களை நீங்கள் எந்த முகத்தோடு பார்த்தீர்கள் பாட்டி? இதை நேரில் கேட்க வாய்த்தால் நன்றாக இருக்கும்.

1926-இல் நீங்கள் போனபின், வாழ்நாள் முழுவதையும் பிறருக்கு உழைப்பதில் கழித்தவர் என்று கல்லில் பொறித்தார்கள். உங்கள் பைசன்களின் வாரிசுகள் 1997-இல் டெக்சஸ் அரசின் கைக்குக் கொடுக்கப்பட்டு, கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. நான் பார்த்தது அவற்றைத்தான்.

சாலை நடுவில் ஒரு கன்று தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது. எனக்குப் பின்னால் இரண்டு மூன்று கார்கள் சேர்ந்துவிட்டன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அது வயிறு நிறையக் குடித்துவிட்டுப் புல்லுக்குள் இறங்கிப் போனபிறகுதான் கிளம்பினோம்.

அன்புடன்,
உங்கள் பேத்தி