சூரியப் புயலுக்கும் ஒரு கூண்டு

மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அதிகாரிகளுக்கும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில், விசைப்படகுகளின் ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருகிறேன். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சூரியனில் எழுந்து, படகில் உள்ள கருவிகளுக்கு வரும் சமிக்ஞையைக் குலைக்கும் புயலைப் பற்றி ஒரு வரிச் செய்திகூட எங்கள் கரைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வரியைக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

2024 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று படகுக்காரர்கள் என்னிடம் ஒரே குறையோடு வந்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் திரையில் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைந்து, சில நிமிடங்கள் படகின் இருப்பிடமே காட்டாமல் நின்று, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது என்றார்கள். உப்புக்காற்றில் ஆன்டெனா வயர் அரித்துப்போவது இங்கே அன்றாடம் நடப்பது என்பதால் நான் வயர்களை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் அதே குறை வந்தது. பகலில் கடையில் வைத்துச் சோதித்தால் கருவியில் ஒரு பழுதும் இல்லை. மூவரும் தனித்தனியாக ஒரே நேரத்தைச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. கருவிக்கு மணி தெரியாது, வானத்துக்குத்தான் தெரியும்.

பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் தும்பா கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததும், திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் அமைத்திருப்பதும் இந்தக் கோட்டுக்காகவே. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் மேலடுக்கைப் பிளந்து உண்டாக்கும் அயனி மண்டலம், இக்கோட்டுக்கு மேலே பகலில் உயரத் தூக்கப்பட்டு இருபுறமும் சரிகிறது. பொழுது சாய்ந்ததும் அதன் அடிப்பகுதி விரைவாகக் கரைய, அடர்த்தி குறைந்த பெருங்குமிழிகள் கீழிருந்து கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலேறுகின்றன. அவற்றினூடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை, விண்மீன் மினுக்குவதுபோல மினுக்கி, சில வேளைகளில் கருவியின் பிடியிலிருந்து நழுவிவிடுகிறது. பங்குனியையும் புரட்டாசியையும் ஒட்டிய மாதங்களில், அதிலும் சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் காலத்தில், இது மிகுதி. 2024 அத்தகைய உச்ச ஆண்டு. நான் மாற்றிய வயர்களில் சில நல்ல வயர்களாகவே இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பணத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இது சூரியன் அமைதியாக உள்ள நாள்களிலும் நிகழக்கூடியது. சூரியப் புயல் இதைவிடக் கடுமையானது. கரும்புள்ளிகளின் அருகே வெடிப்பு நிகழ்ந்தால் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் பூமிக்கு வந்து, பகல் பக்கத்தில் தொலைதூரச் சிற்றலை வானொலியை முடக்கிவிடும். அதற்கு முன்னறிவிப்புத் தர வழியில்லை. ஆனால் சில வெடிப்புகளோடு நூறு கோடி டன் அளவிலான மின்னேற்றத் துகள்களும் வீசியெறியப்படுகின்றன. அந்தத் துகள் மேகம் பூமியை வந்தடையப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஏறக்குறைய ஒரு கடற்புயலுக்குக் கிடைக்கும் அவகாசம் இதற்கும் கிடைக்கிறது. அந்த மேகம் வந்துசேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது அதை உறுதிப்படுத்தவும் நம்மிடமே கண் இருக்கிறது: 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் நின்று சூரியக் காற்றை அளந்துகொண்டிருக்கிறது. அந்தத் திட்டத்தை இயக்கிய நிகர் ஷாஜி நம் செங்கோட்டையைச் சேர்ந்தவர். ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகாமல் கரையில் நின்று வழிவிடுகிறார்கள். அவர்கள் வழிவிட்டதால் சென்ற கலம் சொல்லும் செய்தி அவர்களுக்கே திரும்பி வராமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2024 மே 10, 11 தேதிகளில் அத்தகைய துகள் மேகங்கள் பூமியின் காந்தப் புலத்தைக் கலக்கி எழுப்பிய காந்தப் புயலை, அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா ஐந்தாம் படி, அதாவது உச்சப் படி, என்று அறிவித்தது. 2003க்குப் பிறகு அந்தப் படியை எட்டிய முதல் புயல் அது. துருவப் பகுதிகளில் தெரியும் வான ஒளி லடாக்கின் ஹான்லே வரை தெரிந்து வானம் சிவந்தது. அமெரிக்க உழவர்கள் ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்களை நிறுத்திவிட்டு விதைப்பைத் தள்ளிவைத்தார்கள். நமக்கு ஒன்றும் ஆகாததற்கு ஒரு காரணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நம் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்ததுதான். அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று நான்காம் படிப் புயல் வந்தபோது தடைக்காலம் இல்லை.

தேவையற்ற அச்சத்தைப் பரப்ப நான் விரும்பவில்லை. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் அறுபது லட்சம் பேர் பல மணி நேரம் இருளில் இருந்ததைப்போல அத்திப்பட்டு அனல்மின் நிலையமும் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். துருவத்துக்கு அருகிலுள்ள நாடுகளுக்கு அந்த ஆபத்து அதிகம், நமக்குக் குறைவு. (ஆனாலும் 1859ஆம் ஆண்டுப் பெரும்புயலைப் பம்பாய் கொலாபாவில் இருந்த காந்தமானியே, பூமியின் காந்தப் புல வலிமையில் மிகப் பெரிய வீழ்ச்சியாகப் பதிவுசெய்தது என்பதை மறந்துவிடக் கூடாது.) ஜிபிஎஸ் காட்டும் இருப்பிடம் இருபது மீட்டர் பிசகினால் ஆழ்கடலில் அது ஒரு பொருட்டே அல்ல. இரவில் கரை திரும்பும் படகு, துறைமுக வாயிலின் கற்களுக்கு நடுவே நுழையும்போது அந்த இருபது மீட்டர்தான் எல்லாம். முதியவர்கள் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளையும் கலங்கரை விளக்கத்தையும் குறிவைத்துத் திசை கண்டார்கள். திரையை மட்டுமே பார்த்துப் பழகிய இளைஞர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை, பல படகுகளில் திசைகாட்டி கண்ணாடி மங்கிக் கிடக்கிறது.

மீனவர்களுக்கு நாள்தோறும் அனுப்பும் காற்று, அலை பற்றிய செய்தியோடு சூரியப் புயலின் படியையும் தமிழில் சேர்த்து அனுப்புங்கள். “இன்றிரவு நான்காம் படி, ஜிபிஎஸ் தடைபடலாம், திசைகாட்டியைத் தயாராக வைத்திருங்கள்” என்ற அளவில் இருந்தால் போதும். கருவி நின்றுபோன நாளையும் மணியையும் படகுக்காரர்கள் பதிவுசெய்ய, துறைமுக அலுவலகத்தில் ஒரு பேரேடு வையுங்கள். பழுது எது, சூரியன் எது என்று பிரித்தறிய என்னைப் போன்றவர்களுக்கு இன்று வேறு வழியில்லை. அடுத்த தடைக்காலத்தில் படகு ஓட்டுநர்களுக்குத் திசைகாட்டியும் கடல் வரைபடமும் பயன்படுத்தச் சில நாள் பயிற்சி கொடுங்கள். அந்த இரண்டு மாதமும் என் கடையில் வேலை குறைவு. கருவிகளோடு வந்து கற்றுக்கொடுக்க நான் கூலி கேட்க மாட்டேன். ஜூன் 15 அன்று படகுகள் மீண்டும் புறப்படுவதற்கு முன் அந்த முதல் தமிழ்ச் செய்தி எங்கள் கைப்பேசிக்கு வந்துசேர ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காசிமேட்டில் படகுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவன்