நமது நாணயச் சேகரிப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மக்களவைத் தேர்தலையொட்டி ஏப்ரல் கூட்டம் தள்ளிப்போனது. மற்ற மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. உறுப்பினர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. சந்தா கட்டியவர் எண்ணிக்கைதான் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மூத்த உறுப்பினர் ஒருவரை இந்த ஆண்டு இழந்தோம். நயா பைசா வரிசையை 1957 முதல் 1964 வரை முழுமையாக வைத்திருந்தவர் அவர். ஆல்பத்தை எடைக்குப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும் அவர் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் நன்றி.

இனி இந்த ஆண்டின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் சலிப்புத் தட்டுகிறது, வந்தவர்கள் விற்பதை விற்று வாங்குவதை வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று செயற்குழுவில் ஒரு புகார் வந்தது. புகார் நியாயமானது. அதனால் மாதம் ஒரு துறையை எடுத்துக்கொள்வது, அந்தத் துறை சலிப்பு என்று நினைப்பவர் முதலில் பேசுவது, அதையே சேர்ப்பவர் பிறகு பதில் சொல்வது என்று முடிவு செய்தோம். இதனால் சில சண்டைகள் வந்தன. ஆனால் டீ வந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

முதலில் நினைவு நாணயங்களை எடுத்தோம். 2024 ஆகஸ்ட் 18ஆம் தேதி கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயம் வெளியானதால் பேச்சு தானாக அங்கேதான் போனது. 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் அகலம், 'தமிழ் வெல்லும்' என்ற வாசகம் என்று எல்லோரும் பார்த்துப் பார்த்து ரசித்தோம். ஆனால் சலிப்புக் கட்சிக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது சிரமமாகத்தான் இருந்தது. நாணயச்சாலையிலிருந்து பெட்டியில் வந்து பெட்டியிலேயே இருக்கும் காசை, பணம் இருந்தால் யாரும் வாங்கிவிடலாமே, இதில் தேடல் எங்கே இருக்கிறது என்றார். என் கருத்தும் கிட்டத்தட்ட அதுதான். புழக்கத்துக்கு வந்த நினைவு நாணயங்கள் வேறு ரகம். அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தமிழ்க் கையெழுத்து அதில் இருக்கிறது. மளிகைக் கடைச் சில்லறையில் அது வந்து விழுந்தால் கிடைக்கும் சந்தோஷத்தை, சேகரிப்போருக்கென்றே பளபளப்பாக அடித்துப் பெட்டியில் விற்கும் ப்ரூஃப் செட் தராது.

அடுத்து மிண்ட் மார்க், அதாவது காசு எந்த ஆலையில் அடித்தது என்று காட்டும் சின்னக் குறி. இதற்கு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து டீயைக்கூடக் குறைத்துச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான ஒரு ரூபாய்க் காசுகளை வருஷவாரியாக, ஆலைவாரியாக அடுக்குவதில் என்ன இருக்கிறது என்பதுதான் பொதுவான எண்ணம். பேச வந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். பணியில் இருந்தபோது, பையில் விழுந்த சில்லறையில் தனக்குப் பிடித்ததைச் சொந்தப் பணம் போட்டு மாற்றி எடுத்துக்கொண்டவர். வருஷ எண்ணுக்குக் கீழே குறி எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா, வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு 1985ஆம் வருஷத்து ஒரு ரூபாயை லென்ஸுக்கு அடியில் வைத்தார். வருஷத்துக்குக் கீழே பொடியாக 'எச்' என்று ஓர் ஆங்கில எழுத்து. அது பர்மிங்காமில் அடித்த காசு. சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் நம் ஆலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் வெளிநாட்டில் அடித்து வாங்கினோம். 1990களின் கடைசியிலும் அதே கதைதான். கொரியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, ஸ்லோவாக்கியா, ரஷ்யா என்று பல நாட்டு ஆலைகளில் நம் ரூபாய் பிறந்திருக்கிறது. நொய்டா ஆலை 1988இல் வந்ததால், அதற்கு முந்தைய வருஷக் காசில் யாராவது நொய்டாப் புள்ளி காட்டினால் அது அழுக்கோ பள்ளமோதான் என்றும் சொன்னார். அன்று ஒவ்வொருவரும் தம் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். செலவே இல்லாத துறை இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் முடிவான கருத்து.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளுக்கு அவ்வளவு ஆதரவு இல்லை. தேய்ந்துபோன செம்பு, ஒரே மாதிரி சின்னம் என்று இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களை மாற்றியது 'பத்துக் காசு' மதிப்புள்ள ஒற்றை நாணயம்தான். 1808ஆம் வருஷம் பொறித்தது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. சென்னை மாகாணப் புழக்கத்துக்காக பர்மிங்காமில் சோஹோ ஆலையில் அடித்தது. இவற்றைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கிவிட்டது. 1980களில்தான் காசுகளை வெளியே எடுத்தார்கள். சென்னையில் கருவாடும் காய்கறியும் வாங்க அடித்த காசு, சென்னையைப் பார்க்காமலேயே கடலுக்கடியில் 170 வருஷத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. கைக்குக் கை மாறித் தேயவில்லை என்பதால் எழுத்துகள் பல காசுகளில் இன்னும் எடுப்பாகவே இருக்கின்றன. இதைக் கேட்ட பிறகு அந்தக் காசு மேசையைச் சுற்றி வர வெகுநேரம் ஆனது. திரும்பி வந்ததா என்று இருமுறை சரிபார்த்தேன், அது வேறு விஷயம்.

சங்ககாலக் காசுகள் பற்றிச் சலிப்பு என்று பேச ஆளே கிடைக்கவில்லை. கரூரில் அமராவதி மணலைச் சலித்துக் கிடைத்த காசுகளைப் பற்றி நாமே சலிப்பு என்றால் யார் மதிப்பார்கள்? மாக்கோதை என்று தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பெயர் பொறித்து, ரோமானியக் காசின் சாயலில் சேர மன்னனின் தலையைக் காட்டும் வெள்ளிக் காசு நம் ஊரில் கிடைத்தது. குட்டுவன் கோதை பெயரிலும் உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் பார்ப்பதற்கு இருக்கும் இன்பம் வாங்குவதற்கு இல்லை. சந்தையில் வார்ப்புப் போலிகள் மலிந்துவிட்டன. லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் காற்றுக் குமிழி போன்ற குழிகளும், ஓரத்தில் வார்ப்பு அச்சின் இரு பாதிகள் இணைந்த கோடும் தெரியும். அசல் காசு உருக்கி வார்த்ததல்ல, பொறித்த அச்சுகளுக்கிடையில் வைத்து அடித்தது. அதில் அந்தக் கோடு வராது. சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். மண்ணுக்கடியில் கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்புவதும் கூடாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்தால் கண்ணும் பழகும், காசும் மிஞ்சும்.

ராஜராஜன் காசு பற்றி ஒரு வருத்தம். நிற்கும் உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவம் மறுபக்கம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். எல்லாரிடமும் இருப்பதால் இதைச் சலிப்பு என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கினாலும் பரவாயில்லை, தேய்க்காதீர்கள். புதிய உறுப்பினர் ஒருவர் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஆயிரம் வருஷப் பச்சை நிறம் போயே போய்விட்டது, முகமும் பாதி மழுங்கிவிட்டது. செம்புக் காசைச் சுத்தம் செய்ய நினைக்கும் யாரும் முதலில் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ரூபாய் நோட்டில் 786 எண் தேடுவது எனக்குச் சேகரிப்பாகவே தோன்றவில்லை, மன்னிக்கவும். அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக, எண்ணில் நட்சத்திரக் குறியோடு வரும் ஸ்டார் வரிசை 2006இல் தொடங்கியது, அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டுக் காசுகளைக் கிலோ கணக்கில் வாங்குவோர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அப்புறம் தொலைபேசி. கண்காட்சி அறிவிப்பில் என் எண் வெளியானதிலிருந்து, வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறது, எத்தனை லட்சம் தருவீர்கள் என்று தினமும் அழைப்பு. தாமரை போட்ட இருபது பைசாவுக்கும் அதே கதை. இரண்டும் ஏராளமாகப் புழங்கியவை. முன்பணம் கட்டினால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று இணையத்தில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அழைத்த அம்மா ஒருவர் ஏற்கெனவே பதிவுக் கட்டணம் அனுப்பிவிட்டிருந்தார். சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணைக் கொடுத்தேன். இந்த எச்சரிக்கையை நோட்டீஸாக அடித்து வாரச் சந்தையில் கொடுக்கலாம் என்று செயற்குழு ஒப்புக்கொண்டுள்ளது.

வரும் ஆண்டுக் கண்காட்சிக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது: தமிழ் எழுத்துள்ள காசுகள். சங்ககாலத் தமிழ் பிராமிக் காசுகளின் படங்களில் தொடங்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் 'புதுச்சேரி' என்று தமிழில் பொறித்த செம்புக் காசு நம்மில் சிலரிடம் இருக்கிறது. கம்பெனி அடித்த, கோபுரம் பொறித்த வெள்ளி 'அரைப் பகோடா'வில் (பகோடா என்பது அந்தக் கால நாணயத்தின் பெயர்) தமிழும் தெலுங்கும் உண்டு. 1870இல் தொடங்கும் தாளிப்பனை மரம் போட்ட இலங்கைச் சதக் காசுகள், நான்கு மொழியில் பெயர் தாங்கிய 1985ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சிங்கப்பூர்க் காசுகள், கடைசியாக அண்ணா கையெழுத்து. கிலோ கணக்கில் வெளிநாட்டுக் காசு வாங்குவோர் இப்போதே மூட்டையைப் பிரித்து இலங்கை, சிங்கப்பூர்க் காசுகளைத் தனியே எடுத்து வையுங்கள். புதுக்கோட்டை அம்மன் காசு இந்த வரிசையில் வராது, அதில் இருப்பது தெலுங்கில் 'விஜய'. ஆனால் அதை விட்டுவிட்டால் புதுக்கோட்டை உறுப்பினர்கள் என்னோடு பேசமாட்டார்கள் என்பதால் ஓரத்தில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன்.

காட்சிக்குத் தருபவர்கள் பட்டியலையும் காசின் இரு பக்கப் படத்தையும் ஜூன் மாதக் கூட்டத்துக்குள் இணைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டிகள் போதாது. வீட்டில் சும்மா இருந்தால் கொடுத்து உதவவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரை இன்றே பார்க்கலாம். அவர் வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்