எங்கள் சத்தத்தைக் குறைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குக் காது கேட்கும் கருவி வாங்குவதற்காக எங்கள் மெல்லிசைக் குழு நடத்திய கச்சேரிகள் நல்லபடியாக முடிந்தன. மேடையில் நின்ற எங்களுக்குச் சேரவேண்டியது கைதட்டலாக அங்கேயே வந்துவிட்டது. மேடை ஏறாமல் உழைத்தவர்களுக்காகத்தான் இந்த மடல்.

நாங்கள் பாடியதில் ஒரு வரிகூட எங்களுடையது இல்லை. யாரோ மெட்டமைத்து, யாரோ எழுதி, பெயர் வெளியே தெரியாத எத்தனையோ வயலின்காரர்கள் வாசித்து வைத்ததை எடுத்துப் பாடிக் கைதட்டல் வாங்குகிறோம். "நல்ல காரியத்துக்குத்தானே, உரிமத் தொகை எதற்கு?" என்ற பேச்சு எங்களுக்குள்ளேயே எழுந்தது. அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஒரு நண்பர். தர்மம் செய்கிறோம் என்பதற்காகப் பாட்டு எழுதியவரின் பங்கில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

அடுத்து, எங்களை நிறையவே திட்டிய ஒலியமைப்பாளர். காது கேளாத பிள்ளைகளுக்காக நடக்கும் கச்சேரியில் இருக்கிற காதையும் கெடுத்து அனுப்பலாமா என்பது அவர் முதல் நாளே கேட்ட கேள்வி. தொழிற்கூடங்களுக்கு வகுத்த ஒரு கணக்கை எழுதி மிக்ஸர் பக்கத்தில் ஒட்டிவைத்தார்: ஒலியின் அளவு 85 டெசிபல் என்றால் காது 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். முன்வரிசையின் காதுக்கு நேராகப் பெரிய பெட்டிகளை அடுக்காமல், சிறு ஸ்பீக்கர்களை அரங்கின் நீளத்துக்குப் பரப்பினார். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் ஓடும். ஆகவே 17 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டிக்கு 50 மில்லிவினாடி தாமதம் கொடுத்தால்தான், மேடையிலிருந்து வரும் ஒலியும் அதன் ஒலியும் பின்வரிசையில் சேர்ந்து விழும். டிரம்ஸுக்கு முன்னால் தடுப்பு வைத்தபோது எங்கள் டிரம்மர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிற்பாடு அவரே, இப்போதுதான் பாடகர் என்ன பாடுகிறார் என்று எனக்குக் கேட்கிறது என்றார்.

அரங்கைச் சுற்றிக் கம்பி இழுத்து லூப் அமைத்துக் கொடுத்த மின்பணியாளருக்குத் தனி நன்றி. அந்தக் கம்பிச் சுற்று உண்டாக்கும் காந்தப்புலத்தை, டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் உள்ள செவிக்கருவி நேரடியாக வாங்கிக்கொள்ளும். கூட்டத்தின் இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் இடையில் புகுவதில்லை. முதல் கச்சேரி முடிந்ததும் ஒரு சிறுவன் வந்து, "பாட்டு நல்லா இருக்கு, வார்த்தைதான் கேக்கல" என்றான். அதன் பிறகு லூப்புக்கு மட்டும் தனிக் கலவை போனது: குரல் முன்னால், வாத்தியம் பின்னால். பாடல் வரிகளைத் தட்டச்சு செய்து, பாட்டோடு சேர்த்துத் திரையில் ஓட்டிய கல்லூரி மாணவிகளுக்கும், அந்தச் சிறுவனுக்கும் நன்றி. அவ்வளவு பயனுள்ள விமர்சனம் எங்களுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

எங்கள் குழுவில் புல்லாங்குழல் கிடையாது. கேட்டதும் வந்தவர் ஒரு பை நிறையக் குழல்களோடு வந்தார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும். குழல்காரருக்குக் கட்டைக்கு, அதாவது ஒவ்வொரு சுருதி அளவுக்கும், ஒரு குழல் வேண்டும். பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாளில் ஐந்தரைக் கட்டைப் பாட்டை நான்கரைக்கு இறக்கினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் குழலை மாற்றிக்கொண்டார். இடையிசைகளைக் காதால் கேட்டே ஸ்வரம் எழுதித் தந்த மூத்த இசையாசிரியரையும் மறக்கவில்லை. அதே இடையிசைகளை மாதக்கணக்கில் சுவர் வழியாகக் கேட்டும் புகார் சொல்லாத அக்கம்பக்கத்தாரையும்தான்.

கணக்காளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாட்டு எது என்று முடிவாகும் முன்பே, பணம் யார் கணக்கில் விழும் என்று கேட்டவர் அவர். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரியை அவர் உதாரணம் காட்டினார். நுழைவுச்சீட்டு வசூல் யுனிசெஃபுக்குப் போய்விட்டது. ஆனால் வரிவிலக்கு ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாததால், இசைத்தட்டின் வருமானம் வரிச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்தக் கதி! எங்கள் உண்டியல் தொண்டு நிறுவனத்தின் ஆள் முன்னிலையில் திறக்கப்பட்டு, அன்றே எண்ணி ரசீது போடப்பட்டது என்றால் அது அவர் பிடிவாதம். பயணம், வாடகை, மின்சாரம் எல்லாம் வேறு நண்பர்கள் ஏற்றார்கள். உண்டியலிலிருந்து எதுவும் எடுக்கவில்லை. வரவு செலவு ஏடு அந்த நிறுவனத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

எங்கள் திட்டத்தையே மாற்றியவர் செவித்திறன் நிபுணர். கருவியை வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். கைக்குழந்தையின் காது வேகமாக வளரும். காதில் பொருத்தும் அச்சைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக வார்க்க வேண்டும், இல்லையென்றால் இடைவெளி வழியாக ஒலி கசிந்து, திரும்பக் கருவியின் மைக்குக்குள்ளேயே புகுந்து, கருவி விசில் அடிக்கும் என்றார். எங்கள் மைக் ஊளையிடுவதும் அதே காரணத்தால்தான் என்பதால் சட்டென்று புரிந்தது. குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்ற வரிசையையும் அவரே விளக்கினார். ஆகவே வசூலில் ஒரு பகுதி அச்சுக்கும் பேட்டரிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கருவியில் கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம், பேட்டரியில் முடியாது. அது தெரிந்தும் மாதாமாதம் தர ஒப்புக்கொண்டவர்களுக்கு எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
மெல்லிசைக் குழுவினர்

பி.கு.: கடைசிக் கச்சேரியில் யாருடைய மைக் ஸ்டாண்டோ ஒன்று எங்கள் சாமான்களோடு வந்துவிட்டது. உயரம் சரிசெய்யும் திருகில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. உரியவர் சொன்னால் கொண்டுவந்து தருகிறோம்.